ராஜாவுக்கு வாய்க்காத கடல்

புதுக்கோட்டை ராஜாவிடம் ஒரு ராஜாவுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. தனி நாணயம், தனிக் கோர்ட்டு, ஒரு திவான், குலதெய்வமாகத் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், எல்லைக்குள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பாறை. கடல் மட்டும் இல்லை. நாலு பக்கமும் வெள்ளைக்காரன் சீமை; நடுவில் இந்தச் சமஸ்தானம். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவுக்குப் போய், 1915-ல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாரே, அந்த மகாராஜாவும் அடுத்தவர் துறைமுகத்தில்தான் கப்பல் ஏற வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அரசு மோலியை ராணி என்று ஏற்கவில்லை. ராஜாவும் ஊரில் நிலைக்கவில்லை. பிரான்சில் குடியேறி 1928-ல் பாரிஸில் கண்ணை மூடினார்.

கடல் 1974 ஜனவரி 14-ஆம் தேதி வந்து சேர்ந்தது. அன்றைக்குப் பொங்கல். திருச்சி மாவட்டத்தோடு ஒட்டியிருந்த பழைய சமஸ்தானத்துப் பகுதியையும், தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த எங்கள் அறந்தாங்கிச் சீமையையும் சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டம் என்று அறிவித்தார்கள். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948 மார்ச்சில். ராஜ மானியம் ஒழிந்தது 1971-ல். ராஜ்யமும் போய், மானியமும் போன பிறகு ராஜாவின் ஊருக்கு 40 கிலோமீட்டர் கடற்கரை, ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லாமல், வெறும் அரசாணையில் கிடைத்தது.

எனக்கு அப்போது பத்து வயது. பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனால், சார் பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, நம் மாவட்டம் தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று இருந்த வரியைப் பென்சிலால் அடிக்கச் சொன்னார். முன் பெஞ்சுப் பையன் எழுந்து, “அப்ப நாம இனிமே எதுக்கு சார் களஞ்சியம்?” என்றான். சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். “கல்லுக்கு எழுதிக்கடா” என்றார்.

அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். பழைய படிவங்களில் தஞ்சாவூரை மையால் அடித்துவிட்டு மேலே புதுக்கோட்டை என்று எழுதுவதே கொஞ்ச காலம் அவருக்கு உத்தியோகமாக இருந்தது. அந்தக் கட்டுகள் தீரும்வரை நாங்கள் இரண்டு மாவட்டத்திலும் குடியிருந்தோம். அப்பத்தா ஒரே கேள்விதான் கேட்டாள்: “மாவட்டம் மாறுனா மழை பேயுமாடா?” அரசாணையில் அதைப் பற்றி ஒன்றுமில்லை என்று அப்பா சொன்னார்.

இந்த மாசியில் தம்பி தன் மகளோடு சென்னையிலிருந்து காரில் வந்தான். மருமகள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. கோட்டை, குகை, கோயில், கடற்கரை என்று தலைப்புப் பிரித்துப் போனில் ஏற்றி வைத்திருந்தாள். “அத்தை, இதுல நீங்க எதெல்லாம் பாத்திருக்கீங்க?” என்று கேட்டாள். நான் பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். அத்தனை இடத்துக்கும் போயிருக்கிறேன். ஒன்றையும் பார்க்கப் போனதில்லை.

அந்தக் காலத்தில் இடம் பார்க்கப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எங்கே போனாலும் ஒரு சோலி இருக்கும். திருமயம் போனது தேருக்கு. சித்தன்னவாசல் போனது அன்னவாசலில் ஒரு காதுகுத்துக்கு. குடுமியான்மலைக்கு மாமா அடிக்கடி போவார். அண்ணா பண்ணையில் விதைக் கடலை வாங்க. அங்கே பாறையில் கிரந்த எழுத்தில் ஒரு பெரிய இசைக் கல்வெட்டு இருப்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. கடலை நல்ல காய்ப்பு. விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைப்பார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போகத் துடித்தது தாத்தா. பக்தி என்று சொல்லிக்கொண்டார். கோட்டைப்பட்டினம் போனது கருவாட்டுக்கு. சரித்திரம் இதில் எல்லாம் கொசுறாகக் கிடைத்தது. இப்போது சரித்திரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, கருவாடு கொசுறாகக் கிடைக்குமா என்று கேட்கிறோம்.

முதலில் புதுக்கோட்டை அரண்மனை. கடைசி ராஜா ராஜகோபாலத் தொண்டைமான், கல்யாணமே செய்துகொள்ளாதவர், மாவட்டம் உண்டானபோது தன் புது அரண்மனையை விட்டுக்கொடுத்தார். அதுதான் கலெக்டர் ஆபீஸ். அப்பத்தா பிறந்தது ஆலங்குடிப் பக்கம், சமஸ்தானத்துக் குடி. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியும் அம்மன் காசும் கொடுப்பார்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி எங்களுக்கு அலுத்துப்போகும். அவள் சுருக்குப் பையில் அந்தக் காசு சில கிடந்தன. மிளகை நசுக்கிப் போட்ட அளவில் செம்பு. ஒரு பக்கம் உட்கார்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்று எழுத்து. ஓர் அணாவுக்கு 20 காசு. அதாவது ஒரு ரூபாய்க்கு 320. இன்று அதே காசை ஆன்லைனில் விற்கிறார்கள். ஒரு காசுக்கு அவர்கள் கேட்கிற விலையில் அப்பத்தா ஒரு வெள்ளாடு பிடித்திருப்பாள்.

நாங்கள் போனது திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள். அரண்மனை மரத்தடியெல்லாம் ஜனம். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு. மருமகள் வளைவுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். காவலுக்கு நின்றவர் பக்கத்தில் வந்து, “மனுவாம்மா?” என்றார். “இல்ல சார், ஃபோட்டோ” என்றாள். அவர் அதை நம்பவில்லை. “கூட்டம் ஏறிரும். மொதல்ல மனுவக் குடுத்துட்டு வந்து எடுங்க” என்றார். ராஜா காலத்தில் இந்த வாசலுக்குள் வர எத்தனை பேர் சிபாரிசு வேண்டும் என்று அப்பத்தா கணக்குச் சொல்வாள். இப்போது ஒரு குறை இருந்தால் போதும்.

திருமயம் கோட்டை கிழவன் சேதுபதி 1687-ல் கட்டியது. ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள்; நான்கு மிச்சம். ராமநாதபுரத்துச் சேதுபதி கட்டியதைத் தொண்டைமான் ஆண்டார், இப்போது தொல்லியல் துறை ஆள்கிறது. வாசலில் கியூஆர் கோடு ஒட்டி டிக்கெட் கொடுக்கிறார்கள். எதிரியை உள்ளே விடாமல் இருக்க இத்தனை கல்லை அடுக்கிய சேதுபதிக்கு, போனைக் காட்டினால் யாரையும் உள்ளே விடுகிற ஏற்பாட்டை விளக்கிச் சொல்லும் துணிச்சல் எனக்கு வராது.

சின்ன வயதில் தேர் பார்க்க வந்தபோது கூட்டத்தில் நசுங்காமல் இருக்கச் சித்தப்பா எங்களைக் கோட்டைப் பாறையில் ஏற்றி உட்கார வைப்பார். மேலே பீரங்கி. அதன் மேல் குதிரை ஏறுவதற்குப் பையன்களுக்குள் அடிதடி. இப்போதும் பீரங்கி அங்கேதான் இருக்கிறது; ஏறத்தான் கூடாது. மருமகள் அதன் பக்கத்தில் நின்று எதிரியைக் குறிபார்ப்பதுபோல் ரீல்ஸ் எடுத்தாள். கீழே நெடுஞ்சாலையில் ராமேஸ்வரம் போகிற கார்கள். எதிரி என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பாறையடியில் சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீஸ்வரரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே கல்லைக் குடைந்த இரண்டு கோயில்களில் இருக்கிறார்கள். இரண்டு சாமிக்கும் சண்டை இல்லை. வருமானத்தைப் பங்கு வைப்பதில் கோயில்காரர்களுக்குள்தான் சண்டை. அதைத் தீர்க்க 1245-ல் ஹொய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் வந்து உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசி, தீர்ப்பைக் கல்லில் வெட்ட வைத்தார். காகிதத்தில் எழுதினால் நம்ம ஆட்கள் மாற்றிவிடுவார்கள் என்பது கர்நாடகத்துக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி பிறந்தது இந்த ஊரில்தான். பெயர் எங்கிருந்து வந்தது என்று மருமகளுக்குப் பெருமாளைக் காட்டிச் சொன்னேன்.

சாலையைப் பார்த்த மதிலில் கோட்டை பைரவர். அப்போதும் லாரி டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், இப்போதும் அதே. அந்தக் கோட்டையில் இன்னும் வேலையில் இருக்கிற காவலர் அவர் ஒருவர்தான்.

கீழாநிலைக்கோட்டை மருமகளின் பட்டியலில் இல்லை. அறந்தாங்கிப் பக்கம் கிடக்கிற அந்தக் கோட்டைக்கு டிக்கெட் கிடையாது, போர்டு கிடையாது, வழியும் சரியாகக் கிடையாது. முள்ளுக்குள் மதில் தெரியும். ஆனால் எனக்குப் பிடித்த கோட்டை அதுதான். காரணம் ஒரு யானை. பாளையக்காரர் சண்டைகளில் செய்த உதவிக்காகக் கம்பெனிக்காரன் 1803-ல் கீழாநிலையைத் தொண்டைமானுக்குக் கொடுத்தான். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த பழியைத் தொண்டைமான் சீமை இன்றுவரை சுமக்கிறது; அந்தக் கணக்கில் வந்த லாபம் இது. அதற்கும் ஒரு நிபந்தனை போட்டான்: வருஷத்துக்கு ஒரு யானை கப்பம். யானையை யாரும் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. 1836-ல் யானை வேண்டாம் என்று முறைப்படி எழுதித் தள்ளுபடி செய்தார்கள். கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்கு மனுவோடு அரண்மனை மரத்தடியில் நிற்கிறவர்கள் இந்த முன்னுதாரணத்தைக் காட்டலாம்.

சித்தன்னவாசலில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓவியம் இல்லை, பெரிய சித்தப்பா தூங்கியது. காதுகுத்து வீட்டில் கிடா விருந்து. சாப்பிட்ட மயக்கத்தில் ஆண்கள் கொஞ்சம் பேர் மலைப்பக்கம் போனார்கள். பிள்ளைகள் நாங்களும் பின்னால். ஏழடிப்பட்டம் என்கிற குகையில் சமண முனிவர்களின் கல் படுக்கைகள் வரிசையாக, 17 படுக்கை, தலைமாட்டில் தலையணைபோல் மேடு வைத்து வழவழப்பாக இழைத்தவை. பிராமி எழுத்து வெட்டியது அதில் ஒன்று. உயிரைக் கொல்லாமல், உண்ணாமல் கிடந்து உயிர்விட்டவர்களின் படுக்கையில், இரண்டு தட்டுக் கறிச்சோறு சாப்பிட்ட சித்தப்பா துண்டை விரித்துச் சாயங்காலம்வரை குறட்டை விட்டார். “இந்த மாதிரி குளுமை எங்கயும் இல்லப்பா” என்று ஊர் வந்து வெகுநாள் சொன்னார். இப்போது படுக்கைக்கு முன்னால் இரும்புக் கம்பி. நல்ல ஏற்பாடு என்று தம்பி சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் வீட்டு ஆண்களை நான் அறிவேன்.

அறிவர் கோயிலுக்குள் விதானத்தில் தாமரைக்குளம். ஒன்பதாம் நூற்றாண்டு வண்ணம். யானை, மீன், அன்னம், நடுவே பூக்கூடையைத் தொங்கவிட்டு ஒரு கையால் பூப்பறிக்கிற இளைஞன். பாதி உதிர்ந்துவிட்டது. அந்தக் காலம்தான் பொற்காலம், எல்லாம் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம் என்று என் வயதுக்காரர்கள் பேசும்போது நான் அந்தப் பாதியை நினைத்துக்கொள்வேன். யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்த்ததால் உதிர்ந்தது அதில் எவ்வளவோ.

உள்ளறையில் மூச்சடக்கி ம் என்று நீளமாகச் சொன்னால் அறையே சேர்ந்து முனகும். மருமகள் செய்து பார்த்து மிரண்டாள். தீர்த்தங்கரர்கள் அசையவில்லை. வெளியே வந்தால் பூங்கா, படகு சவாரி. ஆயிரத்து நூறு வருஷமாகத் தண்ணீர் வற்றாத குளம் உள்ளே கூரையில் இருக்க, வெளியே கட்டிய குளத்தில்தான் கூட்டம். குழந்தைகள் பாதி உதிர்ந்த தாமரையை எத்தனை நேரம் அண்ணாந்து பார்க்கும், பாவம்.

ஆலங்குடிச் சாலையில் போகிறபோது பொற்பனைக்கோட்டையைத் தூரத்தில் காட்டினேன். முனீஸ்வரருக்குப் பொங்கல் வைக்க ஜனங்கள் வண்டி கட்டிப் போகிற இடம் அது. மண்மேட்டின் மேல் ஆடு மேயும். 2023-ல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே குழி வெட்டியபோது கோட்டையும் வந்தது, சூதுபவளமணியும் வந்தது, தங்க மூக்குத்தியும் வந்தது. சங்க காலம் என்கிறார்கள். “அந்த மூக்குத்தியைத் தொலைச்சவ அன்னைக்கு மாமியார்ட்ட என்ன பாட்டு வாங்கியிருப்பா” என்றேன். தம்பி சிரித்தான். மருமகளுக்கு மாமியார் இன்னும் வாய்க்கவில்லை, சிரிக்கவில்லை.

அந்தச் சாலை எனக்கு வேறு விதத்தில் பழக்கம். 1991-ல் நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். அறிவொளி இயக்கத்தில் தொண்டர். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கப் போன இடத்தில் பெண்கள் சைக்கிள் கேட்டார்கள். ராத்திரி நிலா வெளிச்சத்தில், ஊர் அடங்கின பிறகு, பள்ளிக்கூட மைதானத்தில் பழகுவார்கள். கல்லுடைக்கிற பெண், பூக்கட்டுகிற பெண், அங்கன்வாடி ஆயா. புடவையைக் கொசுவித் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்து எழுந்து, முட்டியில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் வருவார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். ஏறின பிறகு அதுவே தேவலை என்றார்கள், முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கு மேல் பெண்கள் சைக்கிளோடு வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். யுனிசெஃப் 50 மொபெட் கொடுத்தது. டீக்கடைப் பெஞ்சில் அப்போது ஆண்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. இன்று அதே ஆண்கள், வயதாகி, அவரவர் வீட்டு மருமகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். பிடிமானத்துக்குக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார் ஒருவர். நான் கண்டுகொள்ளாததுபோல் இருந்தேன்.

கீரமங்கலம் பக்கம் ரோடு வெளிச்சமாகிவிட்டது. முன்பு தென்னந்தோப்பு நிழலுக்குள்ளேயே போகலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்து நிழலை எடுத்துக்கொண்டு போனது. அதற்கு முந்தைய வருஷம்தான் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க வேண்டாம் என்று ஜனங்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள். பூமிக்கு அடியில் வருவதைத் தடுத்துவிட்டு நிமிர்ந்தால் வானத்திலிருந்து வந்தது. புதுக் கன்றுகள் இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன.

குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்கு நாங்கள் போனது மாசிமகத்தன்று. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாளாவது சோலியோடு போக வேண்டும் என்று பிடிவாதமாக மாலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். கோயில் முன்னால் வெள்ளைக் குதிரை, முன்னங்கால் இரண்டும் தூக்கி, 30 அடிக்கு மேல் உயரம். வேண்டிக்கொண்டவர்கள் அதற்குக் காகிதப்பூ மாலை போடுவார்கள். கலர்க் காகிதத்தை மடித்து, ஓரம் நறுக்கி, பூவாக விரித்துக் கயிற்றில் கட்டிக்கொண்டே போவார்கள். ஒரு மாலை ஆள் கனத்துக்கு, குதிரைக் கழுத்திலிருந்து தரைவரை. சுற்று ஊர்களில் மாலை கட்டுகிற குடும்பங்களுக்குத் தை பிறந்ததிலிருந்து வேறு வேலை ஓடாது.

அப்போது மாலையைச் சுருட்டி வண்டியில் வைத்து மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். மாட்டுக் கொம்பில் மிஞ்சின காகிதம். இப்போது குட்டியானை லாரி, டிராக்டர், ஸ்பீக்கர். லாரியில் நிறுத்தி வைத்த மாலை முன்னே வர, பின்னே டிரம் செட். குதிரை மேல் ஏறி நிற்கிற ஆட்கள் கயிறு போட்டு மாலையை மேலே இழுத்து, கழுத்தில் சார்த்திவிட்டுக் கை தட்டுகிறார்கள். கீழே அந்தக் குடும்பம் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. அடுத்த மாலை அதன் மேலேயே விழுகிறது. மத்தியானத்துக்குள் குதிரையைக் காணோம். காகித மலைதான் நிற்கிறது, உச்சியில் இரண்டு காது.

“நம்ம மாலை எங்க இருக்கு அத்தை?” என்று கேட்டாள் மருமகள், போனை நீட்டிக்கொண்டு.

“உள்ள.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

“குதிரைக்குத் தெரியும்” என்றார் மாலை கட்டிக் கொடுத்தவர். சொல்லிவிட்டு ஜிபே நம்பரைக் காட்டினார்.

ஜல்லிக்கட்டு பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எழுத ஆள் இருக்கிறது. தமிழ்நாட்டில் வருஷத்தின் முதல் வாடிவாசல் எங்கள் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் திறக்கிறது. முன்பு கொம்பில் துண்டும் அதில் முடிந்த சில்லறையும். இப்போது ஆன்லைன் பதிவு, மாட்டுக்கும் மனுஷனுக்கும் டாக்டர் சர்டிபிகேட், பரிசு பைக். பைக்கை ஜெயித்தது காளை என்றால் ஓட்டுவது யார் என்கிற பிரச்சினை அந்தந்த வீட்டில் தீர்த்துக்கொள்கிறார்கள்.

இனி தெற்கே, கடலை நோக்கி. வழியில் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை. கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும். வாசலில் நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. இல்லாததைக் கும்பிடுகிற அந்தக் கோயிலில் இருப்பதோ தமிழ்நாட்டில் எங்கும் இல்லாத கல் வேலை. கொடுங்கைக் கூரையில் மரச்சட்டமும் கம்பியும் ஆணிக் குமிழும் எல்லாமே கல்; கல்லை அப்பள கனத்துக்கு இழைத்திருக்கிறார்கள். ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக எந்த வேலையும் செய்து தருகிறோம் என்று அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம். இன்றைய கான்ட்ராக்டர்கள் நீங்கலாக என்பதற்குப் பின்னால் எழுதுகிற பட்டியல் இதைவிட நீளம்.

அப்பத்தா கொடுங்கையை நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. அவள் வருவது நைவேத்தியத்துக்கு. புழுங்கலரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடக் கொண்டுவந்து கருவறைக்கு முன்னுள்ள கல் மேடையில் கொட்டிப் பரப்புவார்கள். கூடவே கீரையும் பாகற்காயும். ஆவி குப்பென்று எழுந்து உள்ளே போகும். சாமிக்கு அந்த ஆவிதான் படையல். அப்பத்தா கழுத்தை நீட்டி அந்த ஆவியைப் பார்த்துவிட்டு, “சாப்பிட்டாரு” என்பாள். பச்சரிசி இல்லை, நெய்ப் பொங்கல் இல்லை, நம் வீட்டில் வடிக்கிற அதே சோறு என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. மருமகள் போன நேரமும் ஆவி வந்தது. போனில் சரியாக விழவில்லை என்று வருத்தப்பட்டாள்.

அங்கே திருவிழா சிவனுக்கு இல்லை, மாணிக்கவாசகருக்கு. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை. 1974 ஆனியில் அப்பத்தா என்னைக் கூட்டிப்போனாள். கடை வீதியில் ரப்பர் வளையல் வாங்கிக் கொடுத்தாள். ஏறக்குறைய அதே நாட்களில்தான், ஜூன் 26-ம் 28-ம், கொழும்பிலும் டெல்லியிலும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் கையெழுத்துப் போட்டார்கள். பாக் நீரிணையின் நடுவே கோடு விழுந்தது. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. தையில் எங்கள் மாவட்டத்துக்குக் கடல் வந்தது. ஆனியில் அந்தக் கடலுக்கு வேலி வந்தது. ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஆறு மாதத்தில் சீரைத் திருப்பிக் கேட்டதுபோல் இருந்தது. ஆனால் அன்று கோயில் வாசலில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடலில் கோடு போட முடியும் என்றே யாருக்கும் தெரியாது.

கோட்டைப்பட்டினத்துக்கு அப்போது வருவதற்கு இரண்டு காரணம். ஒன்று கருவாடு. இன்னொன்று ராவுத்தர் அப்பா தர்கா கந்தூரி. பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தோடு எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பஸ் ஏறிவிடுவோம். அப்பத்தா பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆவுடையாருக்கும் ராவுத்தர் அப்பாவுக்கும் சேர்த்தே காசு முடிந்து வைப்பாள். யார் முதலில் கேட்கிறாரோ அவருக்கு. கரையில் பாய் கட்டிய வல்லங்கள். அலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாக் கடலுக்கு ஆழமும் இல்லை, கோபமும் இல்லை. மெரினாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைக் கடல் என்று காட்டினால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். மருமகளும் ஆட்டினாள்.

இப்போது கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. டோக்கன், டீசல், ஐஸ், ஜிபிஎஸ். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம். அந்தக் கோடு ஜிபிஎஸ்ஸில் தெரியும்; மீனுக்குத் தெரியாது. கோட்டைத் தாண்டினால் இலங்கைக் கடற்படை, சிறை, படகு போனது போனதுதான். தாண்டாவிட்டால் டீசல் காசு தேறாது. இழுவைமடி போட்டு நம் பக்கம் அடி மண்வரை வாரியாயிற்று என்பதை நம் ஆட்கள் மேடையில் சொல்வதில்லை. அந்தக் கரையில் வலை அறுபட்டு நிற்கிற வடமாகாணத்து மீனவரும் தமிழர்தான் என்பதையும் சொல்வதில்லை. கப்பலில் வந்த ஐரோப்பியரையெல்லாம் பார்த்துவிட்ட கடல் இது. கோட்டை கட்டாமலேயே இத்தனை காவல் இதற்கு எப்போதும் இருந்ததில்லை.

மீமிசல் பக்கம் முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். பார்க்கப் போகலாம். நாங்களும் பார்க்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

மீன் இறக்குகிற இடத்தில் மருமகள் நண்டு கேட்டாள். பெரிய நண்டெல்லாம் கம்பெனி வண்டியில் ஏறிவிட்டது. மிச்சத்தைக் கூடையில் வைத்திருந்த ஆத்தா ஒரு விலை சொன்னார். சென்னையில் இதைவிட மலிவு என்றான் தம்பி. “அப்ப அங்கயே வாங்கிக்கய்யா, இங்கேருந்துதான் போவுது” என்றார் அவர். கடைசியில் நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ. தம்பிக்குக் காரைப் பற்றிக் கவலை. புது வண்டி, சீட்டெல்லாம் தோல். செய்தித்தாள், அதன் மேல் பாலித்தீன் பை, அதன் மேல் சாக்கு என்று மூன்று சுற்றுக் கட்டச் சொன்னான். ஆத்தா பொறுமையாகக் கட்டிக் கொடுத்தார்.

“வாசம் வெளிய வராதுல்ல ஆத்தா?”

“கண்ணாடிய ஏத்திவுட்டு ஏசியப் போட்டுக்கய்யா. வெளிய எங்க போவும்? பட்டணம் போய்ச் சேர்றவரைக்கும் உள்ளயே பத்தரமா இருக்கும்.”